விரலின் மறுமுனை

கொடியிறக்கத்துக்கு முந்தின ராத்திரி
எங்கள் பங்கில் அந்த நாடகம் போடுவார்கள்.
பனி கொட்டும் ஏதோ தேசத்துக் கதை.
நீதிபதிக்குப் பாடகர் குழுவின் அங்கி,
சிறைக்கம்பிக்கு வலை உலர்த்தும் கம்பு.
ஆறு பெண்பிள்ளைகள் ஒரே மூச்சில் அலறி
"அவள்தான் சூனியக்காரி" என்று விரல் நீட்டும்போது
எதிரே யாரும் இருக்க மாட்டார்கள்.
மணல், இருட்டு,
நாங்கள்.

அந்த விரல் எனக்கு நேரே வருவதாக
வருஷா வருஷம் நினைத்திருக்கிறேன்.
பக்கத்தில் இருந்தவர்களும் நினைத்திருப்பார்கள்.
ஒருமுறை பெர்க்மான்ஸ் அண்ணன்
சாராய வாசத்தோடு எழும்பி
"நானில்ல மக்கா, நானில்ல" என்றார்.
சிரித்தோம்.
அன்றைக்கு உறக்கம் வரவில்லை.

அதைப் படமாக்க வந்தவர்கள்
முட்டத்தில் அறை எடுத்தார்கள்.
எனக்கு ஆள் பிடித்துத் தரும் வேலை.
வேன், சாப்பாட்டு டோக்கன்,
கூட்டத்துக்கு முகங்கள்.

மூன்றாம் நாள் இயக்குநர் சொன்னார்:
மேடைக்கு அது போதும்.
திரையில் விரலைக் காட்டினால்
அடுத்த ஷாட்டில் யாராவது நிற்கணும்.
ஒரு முகம் கொண்டுவாங்க.

நான் யோசிக்கவில்லை.
யோசிக்காமலே எனக்குள் ஒருத்தி
தயாராக நின்றாள், அதைத்தான் இப்போது
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
வியாகுலம்.
இடது கண்ணில் பூ விழுந்தவள்.
கட்டினவன் கடலில் போனபின்
தனியே பொங்கித் தின்பவள்.
முதல் பஸ்ஸில் திங்கள்சந்தைக்குக் கூடை ஏற்றி
யாருக்கும் விலை குறைக்காதவள்.

"எனக்க மூஞ்சி எதுக்கு பிள்ளே?"
சும்மா நின்றால் போதும் அக்கா, எண்ணூறு ரூபாய்.
"அந்தக் குட்டி என்னையா காட்டுது?"
நடிப்புதான்.
"நான் என்ன செஞ்சேன்னு காட்டுது?"
அது திரைக்கதையில் இல்லை என்றேன்.

பதினாலு முறை எடுத்தார்கள்.
சென்னைப் பெண், நல்ல பெண்,
ஒவ்வொரு கட்டுக்கும் ஓடிவந்து
சாரி ஆன்ட்டி என்று கையைப் பிடித்தாள்,
நீட்டிய அதே கையால்.
பிறகு காமிராவைத் திருப்பினார்கள்.
பயப்படச் சொல்லியும் வியாகுலம் பயப்படவில்லை.
பேரம் பேசுகிறவர்களைப் பார்ப்பதுபோல
நல்ல கண்ணால் விரலைப் பார்த்தாள்.
இயக்குநர் அதையே வைத்துக்கொண்டார்.

வவுச்சரோடு மைப்பெட்டியை நீட்டினேன்.
தள்ளி வைத்துவிட்டுப் பேனா கேட்டாள்.
ம. வியாகுலம்.
ஓர் எழுத்தும் கோட்டைத் தாண்டவில்லை.

படம் நாகர்கோவிலில் ஒரு வாரம் ஓடியது.
அவள் வருவது மூன்று நொடி.
ஊர்ப் பையன்கள் அதை மட்டும் வெட்டி
வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.
"சூனியக்காரி வந்தாச்சு" என்றது சந்தை.
அவளும் சிரித்தாள், வாழ்க்கையில் முதல்முறையாக
ஓர் அயிலை கூடுதலாகப் போட்டாள்.

பிறகு கரைமடியில் வெறும் சொறி ஏறியது.
டெல்பின் வீட்டுக் குழந்தைக்கு
ஒன்பது நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் கூடைக்கு முன்னால்
நிற்காமல் போனார்கள், அவ்வளவுதான்.

சுசீந்திரத்தில் முற்காலத்தில்
கொதிக்கும் நெய்யில் கைமுக்கச் சொல்வார்களாம்.
வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.
அந்த வழக்குக்காவது
ஒரு முடிவு நாள் இருந்தது.

இந்த வருஷமும் நாடகம்.
ஆறு பிள்ளைகள், ஆறு விரல்கள்.
இம்முறை ஒருவரும் தன் நெஞ்சைத் தொடவில்லை.
தலைகள் மொத்தமும் பின்னால் திரும்பின,
என் தலையும்.

கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின்மேல் இருந்தாள்.
சுற்றிலும் நாலு பாய் விரிக்கும் அளவுக்கு மணல்.
மடியில் ஒரு பொட்டலம் கடலை.
நீதிபதிக்கு வசனம் மறந்துபோய்
மேடை அப்படியே நின்றது.

அந்த அமைதியில்
தோடு உடையும் சத்தம் கேட்டது, ஒன்று.
கொஞ்சம் பொறுத்து
இன்னொன்று.